ஒரு தாச்சிச் சோறு

வாரநாளின் மாலை ஐந்து மணி, உத்தியோகம் பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு சோதனை வேளையாகும். கல்லூரியிலிருந்து நாம் மீள்வதும், அலுவலகத்திலிருந்து எம் இல்லாள் மீள்வதும், பிள்ளைகள் ரியூசன் வகுப்புக்குப் புறப்படுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழும். அதன் பின்னர் அடுப்படியில் விளக்கெரியும். தேங்காய் துருவும் ஓசை கேட்கும். சோறு ஓர் அடுப்பில், கோழிக்கறி மற்றோர் அடுப்பில். பருப்போ கீரையோ தன் முறைக்குக் காத்திருக்கும். எட்டரை மணிக்கு உணவு மேசைக்கு வரும். நாம் உண்போம், பிள்ளைகள் உண்பார்கள். ஆக்கியவர் மட்டும் உண்ணமாட்டார்.

இதனை நாம் பல ஆண்டுகளாகக் காணவில்லை என்று எழுத நாணமாயிருக்கிறது. காணவில்லை என்பதிலும், கண்டும் கருதவில்லை என்பதே பொருந்தும். ஒருநாள் இரவு விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்த நாம், தண்ணீர் அருந்த அடுப்படிக்குச் சென்றோம். மணி பத்தாகியிருந்தது. எம் இல்லாள் அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்றபடியே உண்டுகொண்டிருந்தார். கறிச்சட்டியில் எஞ்சியிருந்தவை கோழியின் கழுத்தும் சிறிது குழம்புமே.

"ஏன், இறைச்சி முடிந்துவிட்டதோ?" என்று வினவினோம்.

"எனக்குக் கழுத்துத்தான் விருப்பம்" என்று மறுமொழி வந்தது.

அம்மறுமொழி எமக்குப் புதியதன்று. எம் தாயாரும் எமது இளமைக் காலத்தில் இதே சொற்களையே கூறுவார். ஒரே வீட்டில் இரு தலைமுறைப் பெண்களுக்கும் கழுத்தே விருப்பமாய் அமைந்தது எவ்வாறு? விஞ்ஞானம் கற்பிக்கும் எமக்கு இது தற்செயல் என்று தோன்றவில்லை.

மறுநாளே ஒரு தீர்மானம் செய்தோம். செவ்வாயும் வெள்ளியும் எம் வீட்டில் சைவ நாட்கள். எஞ்சிய நாட்களுள் வியாழக்கிழமைச் சமையல் இனி எமது பொறுப்பு என்றோம். தீர்மானம் எளிது, சமையல் எளிதன்று. மூன்று சட்டிகளை ஒரே வேளையில் ஆளும் திறமை எமக்கில்லை. ஆகவே சோறும் கறியும் ஒரே தாச்சியில் வேகும் வழியைத் தேடினோம். அது புதுமையுமன்று. பாரசீகத்தார் புலாவு சமைத்தனர். ஸ்பெயின் தேசத்தில் வலென்சியா மாகாணத்தார் தம் சோற்றுக்கு இட்ட பாயெல்லா என்ற பெயருக்கு, அவர்கள் மொழியில் தாச்சி என்பதே பொருள். எமது நாட்டுப் பறங்கியரும் லம்பிறைஸ் செய்வதற்கு அரிசியை இறைச்சி வேகவைத்த சாற்றிலேதான் சமைக்கின்றனர். மேலும், 2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுச் சிலிண்டருக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றதை மறந்தவர் யார்? மூன்று அடுப்பு எரியும் இடத்தில் ஓர் அடுப்பு எரிந்தால் அதுவும் இலாபமே.

ஆயினும் எம் தாயார் இதற்கு இலகுவில் இணங்கவில்லை. அவர் வளர்ந்த சைவ வீட்டில் சோற்றுப்பானை வேறு, மச்சச் சட்டி வேறு. இறைச்சி காய்ச்சுவதாயின் முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். அச்சட்டி அடுப்படிக்குள் நுழையாது.

"தம்பி, சோத்துப் பானைக்கை மச்சத்தைப் போட்டால் அது சோறோ, கறியோ?" என்று கேட்டார்.

புதிதாக ஒரு தாச்சி வாங்கி, அதனை இதற்கென்றே புறம்பாக வைப்பதாக உறுதி கூறினோம். அப்பொழுதும் அவர் முகம் தெளியவில்லை. "அம்மா, கூழ்ப்பானைக்குள் அரிசியும் நண்டும் ஒன்றாகத்தானே வேகின்றன?" என்றோம். அவர் சற்றே சிந்தித்தார். "அது கூழ் அல்லோ" என்றார். அதற்கு மேல் மறுப்பு வரவில்லை.

முதல் வியாழனன்று நேர்ந்ததை மறைக்கப் போவதில்லை. சோறு வெந்ததோ என்ற ஐயத்தால் மூடியை நாலைந்து முறை திறந்தோம். திறந்த ஒவ்வொரு முறையும் அகப்பையாற் கிளறினோம். முடிவில் மேலே குழைவும், கீழே கருகலும், நடுவே நறுக்கரிசியுமாக ஒன்று உருவாயிற்று. "அப்பா, இது புக்கையோ?" என்று இளைய மகன் உண்மையாகவே வினவினான். மூத்த மகள் அவனை அதட்டினாள். எம் தாயார் ஏதும் கூறாமல் உண்டார். அதனிலும் கடுமையான விமர்சனம் வேறில்லை.

பிழை எங்கே என்று ஆராய்ந்தோம். அரிசியிலுள்ள மாப்பொருள், வெப்பம் ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியஸை அடையும்போது நீரை ஏற்றுப் பருக்கின்றது. அவ்வேளையில் கிளறினால் சோற்றுப் பருக்கைகள் உடைந்து, மாப்பொருள் வெளியேறிப் பசையாகிவிடும். மூடியைத் திறக்குந்தோறும் நீராவி வெளியேறுவதால், நாம் அளந்து விட்ட நீரும் கணக்குக்கு வராமற் போகும். ஆகவே மூடிய பின் திறவாதிருத்தலே இச்சமையலின் முதல் விதி. மாணவருக்குப் பொறுமை போதிக்கும் நாம் 18 நிமிடம் பொறுத்திருக்கக் கற்க மூன்று வியாழன்கள் சென்றன.

செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு முறையைக் கூறுவோம். ஐவருக்கு 2 சுண்டு பசுமதி அரிசியும் 750 கிராம் கோழியிறைச்சியும் போதும். அரிசியை நீர் தெளியுமட்டும் கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து வடித்துக்கொள்க. எலும்புடன் சிறு துண்டுகளாக வெட்டிய இறைச்சியில் உப்பு, சிறிது மஞ்சள், கறித்தூள் 2 தேக்கரண்டி, பாதித் தேசிக்காயின் சாறு ஆகியவற்றைப் பிரட்டி வைக்க. அடி தடித்து, வாய் அகன்று, மூடி நன்கு பொருந்தும் தாச்சியில் 3 மேசைக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டு, இறைச்சியை 8 நிமிடமளவில் சிவக்க வதக்கித் தூய தட்டொன்றில் எடுத்து வைக்க. பச்சையிறைச்சி இருந்த தட்டை இதற்குப் பயன்படுத்தலாகாது.

அதே நெய்யில் ஒரு பிடி சின்ன வெண்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு துண்டு இரம்பை, கறுவா, ஏலம், கராம்பு என்பவற்றை வதக்குக. தாச்சியின் அடியில் ஒட்டிய இறைச்சிச் சாரத்தை அகப்பையாற் சுரண்டிச் சேர்க்க. சுவையின் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. பின் அரிசியை இட்டு 2 நிமிடம் மெல்லப் பிரட்டுக. நெய் பூசப்பெற்ற அரிசி ஒன்றோடொன்று எளிதில் ஒட்டாது. இறைச்சியையும், சிறிதாய் அரிந்த கரட், போஞ்சியையும் சேர்த்து, 2 சுண்டு கொதிநீரும் 1 சுண்டு தேங்காய்ப்பாலும் விட்டு, உப்புப் பார்க்க. கொதி எழுந்ததும் தீயை நன்கு தணித்து மூடுக. 18 நிமிடத்தின் பின் அடுப்பை அணைத்து, மேலும் 10 நிமிடம் மூடியபடியே விடுக. இவ்விறுதிப் பத்து நிமிடத்திலேதான் ஈரம் மேலும் கீழும் ஒருசீராகப் பரவும்.

சம்பா அரிசியாயின் நீர் சற்றுக் கூடுதலாக வேண்டும். சிவப்புக் குத்தரிசி வேக நெடுநேரம் செல்லுமாதலின் இதற்கு உகந்ததன்று. கோழியிறைச்சியின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டவேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் பெரிய துண்டொன்றைப் பிளந்து, எலும்போரம் சிவப்பில்லாமலும் சாறு தெளிந்தும் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளலாம். எஞ்சிய சோற்றை இரவு முழுவதும் அடுப்பின்மேல் விட்டுவைத்தல் ஆகாது. கொதியிலும் மாளாத கிருமி வித்துக்கள் சோற்றில் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் அதனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுக.

நான்காவது வியாழன் ஏழேகால் மணிக்குத் தாச்சியை அப்படியே மேசையின் நடுவில் வைத்தோம். பக்கத்தில் ஒரு வெள்ளரிக்காய்ச் சம்பல், வேறொன்றுமில்லை. எம் இல்லாள் வழக்கம்போல் அடுப்படியை நோக்கி நடந்தார். அங்கே செய்வதற்கு யாதொரு பணியும் இருக்கவில்லை. திரும்பி வந்து அமர்ந்தார். எம் தாயாரும் வந்தமர்ந்தார்.

அவ்வேளையில் எமக்குச் சிறுபராயத்துக் கூழ் நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயிற்றங்காய் யாவும் ஒரே பானையில் கொதிக்கும். முற்றத்தில் வட்டமாயிருந்து பனையோலைப் பிளாவில் ஏந்திக் குடிப்போம். ஆண்டு முழுவதிலும் எம் தாயார் எம்மோடு சேர்ந்திருந்து உண்டது அந்நாட்களில் மட்டுமே. அன்று பரிமாறுவதற்கு வேறு கறியில்லை. எழுந்து சென்று பார்ப்பதற்கு வேறு சட்டியில்லை. ஒரு பானைச் சமையலின் பெருமை நேரம் மிஞ்சுவதன்று, சமைத்தவருக்கும் பந்தியில் ஓரிடம் மிஞ்சுவதே என்பது அப்பொழுது எமக்கு விளங்கிற்று.

துண்டுகள் யாவும் எல்லோர் கண்முன்னும் கிடந்தன. எம் தாயார் தாச்சியைச் சற்று நேரம் பார்த்திருந்தார். பின், "பிள்ளை, எனக்கு அந்தக் கால் துண்டைப் போடு" என்று மருமகளிடம் கூறினார். எமக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக அவர் வாயிலிருந்து வராத சொற்கள் அவை. எம் இல்லாள் அவருக்குப் பரிமாறிவிட்டுத் தமக்கென்று கழுத்தை எடுக்கக் கை நீட்டினார். மகள் முந்திக்கொண்டு அதனை எடுத்து எமது தட்டில் வைத்தாள். தாயின் தட்டில் நெஞ்சுத் துண்டொன்றை வைத்தாள்.

கழுத்தை உண்டோம். எலும்பு மிகுதி, இறைச்சி குறைவு. எவரும் விரும்பித் தேர்ந்து உண்ணும் துண்டு அதுவன்று என்பதை நாற்பது வயது கடந்த பின்னரே அறிந்தோம்.