கருப்பட்டியும் இலுப்பைப் பூவும்

சென்ற ஆண்டு கோடையின் தொடக்கத்தில், ஆயரின் ஆணையை ஏற்றுத் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்தோம். குருவான நாள் முதல் சிற்றூர்ப் பங்குகளிலேயே பணியாற்றிய நமக்கு இந்நகரம் புதிது. முழுநிலா நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக மக்கள் வெள்ளம். அத்தனை பேர் வாழும் ஊரில் நமக்கு மட்டும் தனிமை.

நண்பகலில் அறைக்கதவைச் சாத்திப் படுத்தால், மனம் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுக்கு ஓடிவிடும். பள்ளி விடுமுறை நாள்கள். பனையிலிருந்து இறங்கும் அப்பா, ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார். விடிலியில் அம்மா பதநீர் காய்ச்சுவார்கள். பாகு பதமானதும் சிரட்டைகளில் வார்ப்பார்கள். சட்டியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்ன நமக்கும் அக்காவுக்கும் போட்டி.

அனைத்தையும் துறந்து ஆண்டவரைப் பின்செல்க என்று பீடத்தில் நின்று போதிக்கும் நாம், ஊர் ஏக்கத்தால் வாடுவது வெட்கமாயிருந்தது. 1896-ஆம் ஆண்டு, 16 வயதில் மதுரையை விட்டு இவ்வூருக்கு வந்தவர் இரமணர். 1898-இல் தாயார் அழகம்மாள் தேடிவந்து அழுதழைத்தும் அவர் திரும்பவில்லை. பின்னாளில் அத்தாயாரே மகனிடம் வந்து தங்கி, 1922-இல் இங்கேயே கண்மூடினார். அத்தகைய மனவுறுதி நமக்கு வாய்க்கவில்லை.

ஒருநாள் எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரம் வாசிக்க நேர்ந்தது. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் நினைத்து அழுகின்றனர். அங்கே பட்ட சாட்டையடியை ஒருவரும் நினைக்கவில்லை. நம் கதையும் அதுவே. பனையேறிக் காய்த்துப்போன அப்பாவின் மார்பை மறந்திருந்தோம். பருவம் தொடங்குமுன்னரே வியாபாரியிடம் வாங்கிய முன்பணக் கடனை மறந்திருந்தோம். அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி விடிலியில் அடுப்பெரித்ததால்தான் நாம் குருமடம் செல்ல முடிந்தது என்பதையுங்கூட மறந்திருந்தோம். அந்த அக்கா ஊரிலிருந்து அனுப்பிய கருப்பட்டியை அலமாரியில் பூட்டிவைத்து, மாலைதோறும் ஒரு துண்டு உடைத்துத் தனியே தின்றுவந்தோம்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து எல்லாரும் போனபின் ஓர் இளைஞர் நின்றிருந்தார். ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். நாம் வந்த நாள் முதல் கடைசி வரிசையில் நிற்பவர்தாம். எந்த ஊர் என்று ஒருமுறையும் நாம் கேட்டோமில்லை. அவரே கேட்டார்: "ஃபாதர், உங்க ஊர் எங்கே?"

சொன்னோம். பனையைப் பற்றியும் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது.

"எங்க ஊரில் மஹுவா, ஃபாதர். காலையில் பூ விழும். அம்மாவும் நானும் பொறுக்குவோம். இந்த வருசம் அம்மா மட்டும்."

மஹுவா நம் இலுப்பையின் இனம். ஆலையில்லா ஊருக்குச் சர்க்கரையாகும் என்று நம் முன்னோர் சொன்ன அதே பூ. அவருக்கும் நமக்கும் ஒரே நோய்தான். ஆனால் நம் நோயை மருந்துபோல் ஊட்டி வளர்த்ததில், பத்தடி தூரத்தில் நின்றவரின் நோய் நம் கண்ணில் படவில்லை.

எகிப்தில் அந்நியராய் வாழ்ந்ததை நினைத்து, அந்நியரிடம் அன்பு காட்டுமாறு இணைச்சட்ட நூலின் 10-ஆம் அதிகாரம் பணிக்கிறது. அதே எகிப்துதான். ஒரு நினைவு முணுமுணுக்க வைக்கிறது. மற்றொன்று கதவைத் திறக்க வைக்கிறது.

அன்று அலமாரியைத் திறந்தோம். அவர் கருப்பட்டியை முகர்ந்து பார்த்தார். பாதியைத் தின்று, மீதியை உடன் தங்கியிருப்பவர்களுக்கென்று தாளில் மடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு நால்வர் வந்தனர். இப்போது அவர்கள் மொழியிலும் ஒரு பாடல் நம் ஆலயத்தில் ஒலிக்கிறது. அக்கா அனுப்பும் கருப்பட்டி மாதக் கடைசிவரை தாங்குவதில்லை.

ஏக்கம் தீர்ந்ததா என்று கேட்பீர்கள், அன்பு வாசகரே. தீரவில்லை. தனியே தின்பதை மட்டும் விட்டுவிட்டோம்.