சுழி பார்க்கும் கை

நள்ளிரவு தாண்டியிருந்தது. குனிகல் குதிரைப் பண்ணையின் லாயத்தில், புதிதாகப் பரப்பிய வைக்கோல்மேல் நிறைசினைக் குதிரை ஒன்று நிலைகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காம்பு நுனியில் மெழுகுபோல் திரண்டிருந்த துளிகளைப் பெரியவர் எனக்குக் காட்டினார்.

"இது கட்டிருச்சுன்னா குட்டிக்கு நேரம் நெருங்கிருச்சுன்னு அர்த்தம் தம்பி. பகல்ல ஆள் நடமாட்டம் பாத்து அடக்கி வச்சிருக்கும். ஊர் அடங்குனதும் போடும்."

பெரியவருக்கு ஓசூர்ப் பக்கம். இங்கே அவருக்குப் பெயர் 'சைஸ்', குதிரையைப் பேணுபவர். பதினொரு மாதச் சினைக்காலத்தின் கடைசி இரவுகளில் கண்விழித்துக் காவல் இருப்பதும் அவர் வேலைதான்.

பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், துமகூரு மாவட்டத்தில் இருக்கிறது குனிகல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் தன் குதிரைப்படைக்காக வளர்த்தெடுத்த பண்ணை இது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. பண்ணை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்களுடைய படைக்கும் குதிரைகள் தேவைப்பட்டன. பெரியவரின் ஊரான ஓசூரில் இன்று மாடும் ஆடும் வளரும் அரசுக் கால்நடைப் பண்ணையும் 1824இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டதுதான். குனிகல் பின்னர் மைசூர் அரசிடமும் கர்நாடக அரசிடமும் இருந்து, 1992இல் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் குழுமத்துக்குக் குத்தகைக்குப் போனது. போர்க்குதிரை ஓடிய மேய்ச்சல் நிலத்தில் பந்தயக் குதிரை ஓடியது.

எஜமானர்கள் மாறினார்கள், வேலையின் அடிப்படை மாறவில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடுவதுபோல், பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரைக்குப் போட முடியாது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை வம்சாவளிப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. பொலிகுதிரையும் பெண்குதிரையும் நேரில்தான் சேர வேண்டும். மிரண்டால் ஒரே உதையில் ஆளைச் சாய்த்துவிடும் அந்த இரண்டையும் பிடித்து நிற்பதற்கு இன்றும் மனிதக் கைதான் வேண்டும்.

லாயத்தில் சினைக்குதிரைக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. முதலில் முன்னங்கால்கள், அவற்றின்மேல் படிந்தாற்போல் மூக்கு. "வரிசை சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் தொடாமல் நின்றார். அரை மணிக்குள் குட்டி வைக்கோலில் கிடந்தது. எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. ஒரு மணி நேரத்தில் நான்கு காலில் நின்றுவிட்டது. உடனே சீம்பாலுக்கு அவசரப்படுத்தினார் பெரியவர். குதிரைக்கு நோய் எதிர்ப்பு கருப்பையில் கிடைப்பதில்லை, முதல் நாள் பாலில்தான் கிடைக்கிறது.

காலையில் மருத்துவர் குதிரையின் உருவக்கோடு அச்சிட்ட படிவத்தோடு வந்தார். நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள் எல்லாம் அதில் குறிக்கப்படும். பெரியவர் குட்டியின் ரோமத்தை விரலால் நீவி ஒவ்வொரு சுழியாகக் காட்டிக்கொடுத்தார்.

"எங்க தாத்தா ராசிக்குச் சுழி பாத்தாரு. நான் அடையாளத்துக்குப் பாக்குறேன்" என்றார்.

ரோம வேரில் மரபணுச் சோதனை, கழுத்தில் சில்லு என்று எத்தனை வந்தாலும் சுழிக்குப் படிவத்தில் இடம் இருக்கிறது. இரண்டு குதிரைக்கு அது அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை.

குறித்து முடிந்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. காது, கழுத்து, முதுகு, குளம்பு என்று தடவிக்கொண்டே இருந்தார். ஆறு மாதத்தில் குட்டி தாயைப் பிரியும். ஒன்றரை வயதில் வாயில் கடிவாளம், முதுகில் சேணம். பிறகு பந்தயத் திடலில் பயிற்சியாளர் கைக்குப் போகும்.

"அங்கதானே அண்ணே பழக்குவாங்க?" என்று கேட்டேன்.

"ஓடப் பழக்குறது அங்க. மனுசன் கை பட்டா மிரளக் கூடாதுன்னு பழக்குறது இங்க."

முதன்முதலாக முதுகில் ஒருவர் ஏறும் நாளில் அந்தக் குதிரை அமைதியாக நின்றால், அதற்கான பயிற்சி இந்த வைக்கோலில், பிறந்த முதல் காலையிலேயே தொடங்கிவிட்டது. பெரியவர் குட்டியின் பின்னங்குளம்பை உள்ளங்கையில் ஏந்தி, சற்று நேரம் வைத்திருந்து, மெல்லத் தரையில் விட்டார். குட்டி உதைக்கவில்லை.