ஒரு நாள் பெட்ரோல் போடாவிட்டால்?

2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை நூறு ரூபாயைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்ரீபெரும்புதூரில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது எங்கள் மஹல்லா இளைஞர்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள்: "வரும் ஞாயிறன்று யாரும் பெட்ரோல் போடாதீர்கள். விலை தானாக இறங்கும்!" நானும் தலையசைத்தேன்.

சனிக்கிழமை இரவு நான் செய்ததைச் சொல்ல நாணமாக இருக்கிறது. பங்க்கிற்குச் சென்று டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்ற என் மனைவி, "நாளைக்கு நோன்பு என்று இன்றைக்கே இரண்டு நாள் சோற்றையும் சாப்பிட்டுவிட்டீர்களா?" என்றாள். பதில் சொல்ல இயலவில்லை.

எண்ணிப் பாருங்கள். ஓரகடத்திலுள்ள தொழிற்சாலைக்குப் போய்வர எனக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் வேண்டும். ஞாயிறன்று போடாததைச் சனியன்றோ திங்களன்றோ போட்டால், வாரக் கணக்கில் ஒரு சொட்டும் குறையாது. 2017இல் பங்க் உரிமையாளர்கள் சிலரே ஞாயிறுதோறும் மூடப்போவதாக அறிவித்தபோது, பெட்ரோலிய அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சரி, வேறு பங்க்கிற்குப் போகலாம் என்றால், நம் நாட்டில் பெரும்பாலானவை இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களுடையவை. விலையும் ஏறத்தாழ ஒன்றே. அன்று லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு மத்திய அரசின் கலால் வரி. மாநில வரி வேறு. யாரைப் புறக்கணிப்பது?

விலை குறையாமலும் இல்லை. ஐந்து ரூபாய் குறைப்பதாகத் தேர்தல் அறிக்கையில் சொல்லி வந்த தமிழக அரசு, 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்தது. அவ்வாண்டு நவம்பரில் இடைத்தேர்தல் முடிவுகள் வெளியான மறுநாள், கலால் வரியில் ஐந்து ரூபாய் குறைப்பதாக மத்திய அரசு அறிவித்தது. வாக்குச் சீட்டுக்கு இருந்த வலிமை என் டாங்க்கிற்கு இருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் புறக்கணிப்பு என்றாலே வீண் என்று சொல்ல மாட்டேன். மொராக்கோ நாட்டு மக்கள் 2018 ஏப்ரல் 20 அன்று தொடங்கியதைப் பாருங்கள். எல்லாப் பெட்ரோலையும் அவர்கள் விலக்கவில்லை. 'அஃப்ரிகியா' என்ற ஒரு நிறுவனத்தின் பங்க்குகளை மட்டும் விலக்கினார்கள். அதோடு ஒரு நிறுவனத்தின் பால், இன்னொன்றின் குடிநீர். ஒரு நாள் அல்ல, பல மாதங்கள். பக்கத்திலேயே வேறு பாலும் வேறு பங்க்கும் இருந்ததால் ஏழைக் குடும்பங்களாலும் அதைத் தாங்க முடிந்தது. பால் விற்ற 'சாந்த்ரால் தனோன்' நட்டமடைந்தது. அதன் பிரெஞ்சுத் தாய் நிறுவனத்தின் தலைவரே நேரில் வந்து மக்களைக் கேட்டறிந்தார். பாலின் விலையும் இறங்கியது. அஃப்ரிகியாவின் உரிமையாளர் அஜீஸ் அகன்னூஷோ 2021இல் அந்நாட்டின் பிரதமரானார்!

அந்தச் செய்தியில் என் மனத்தைத் தைத்தது வேறொன்று. விற்பனை சரிந்ததும் அப்பால் நிறுவனம் விவசாயிகளிடம் வாங்கும் பாலில் 30 விழுக்காட்டைக் குறைத்தது. தற்காலிகப் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் வேலையிழந்தனர். கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் எங்கள் ஓரகடத்தில், உற்பத்தி குறைந்தால் முதலில் வாயிலுக்கு வெளியே நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளியே. என் தம்பியும் அவர்களில் ஒருவன். "அந்தப் பொருளை வாங்காதே" என்று யாரேனும் சொல்லும்போது, அது எந்த லைனில், யார் கையால் ஆனது என்றும் இப்போது எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அடுத்த வாரமே நானும் பக்கத்து வீட்டு நண்பரும் ஒரே வண்டியில் போகத் தொடங்கினோம். மாதம் 1,200 ரூபாய் ஆன பெட்ரோல் செலவு எனக்குப் பாதியாயிற்று. மருந்துக் கடையில் தாயாரின் மாத்திரைக்கு வைத்திருந்த பாக்கி தீர்ந்தது. இருவருக்கும் ஷிப்டு மாறும் வாரத்தில் மட்டும் இரண்டு வண்டிகளும் வெளியே வருகின்றன. அந்த வாரங்களில் என் மனைவி டாங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள்.