விரத நாளும் சுகர் மாத்திரையும்

இன்னைக்கு கிருத்திகை. திருத்தணி மலை முழுக்க காவடிக் கூட்டம்.

பக்கத்து வீட்டு அவ்வாவுக்கு எண்பது தாண்டிடுச்சு.
365 படி ஏற முடியாது. ஆனா விரதத்தை விட மாட்டாங்க.

காலையில பச்சத் தண்ணிதான். கூடவே வழக்கமான சுகர் மாத்திரை.
பத்து மணிக்கு பேச்சு குழறுது. ஜாக்கெட் தொப்பலா நனைஞ்சு போச்சு. கை நடுங்குது.
"வயசாச்சு, வெயில் வேற"ன்னாங்க எல்லாரும்.
மெஷின்ல குத்திப் பாத்தா 48!
நல்லவேளை, நினைவு இருந்துச்சு. சர்க்கரைத் தண்ணி உள்ள போனதும் தெளிஞ்சாங்க.

70-க்குக் கீழ போனாலே ஆபத்து. வயசானவங்களுக்கு அது மயக்கம், விழுந்து இடுப்பெலும்பு முறிவுன்னு போய் நிக்கும்.

2021-ல 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்ததுலேர்ந்து மாத்திரை வீட்டுக்கே வருது. உண்மையிலேயே பெரிய விஷயம்.
ஆனா வயசு ஏற ஏற சாப்பாடு குறையுது, உடம்பு இளைக்குது, கிட்னி தளருது. மாத்திரை அளவு மட்டும் பல வீட்ல அப்படியே இருக்கு.
கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளும் இன்சுலினும் நாம சாப்பாடு இல்லாம இருந்தாலும் சுகரை இறக்கும்.

தளர்ந்துபோன முதியவங்களுக்கு மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 8%-க்குள்ள இருந்தாலே போதும்னு அமெரிக்க நீரிழிவு சங்கமே சொல்லுது. 6.5-க்கு இழுத்துப் பிடிக்கணும்னு அவசியமே இல்ல.

நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. விரதத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க.

உங்க வீட்டுப் பெரியவங்களோட மருந்துச் சீட்டை டாக்டர் கடைசியா எப்போ மாத்தி எழுதினாரு?