கருநாய்

இரவில் நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்று அஞ்சுவது நம்மவரின் பழைய வழக்கம். இவ்வச்சம் நமக்கு மட்டுமே உரியதென்று எண்ண வேண்டா. கன்றுக்குட்டி அளவினதாய், தணல் போன்ற கண்களுடையதாய், ஆளரவமற்ற பாதைகளில் திரியும் கருநாய்ப் பேயைப் பற்றி ஆங்கில நாட்டுக் கிராம மக்களும் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லி வந்துள்ளனர். நார்ஃபோக், சஃபோக் வட்டாரங்களில் அதன் பெயர் 'பிளாக் ஷக்', யார்க்ஷயரில் 'பார்கெஸ்ட்'. அதைக் கண்டவனுக்கோ அவன் குடும்பத்தாருக்கோ முடிவு நெருங்கிவிட்டது என்பது நம்பிக்கை.

1577-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4, ஞாயிற்றுக்கிழமை. சஃபோக்கிலுள்ள பங்கே என்னும் ஊரின் மாதாகோயிலில் மக்கள் தொழுதுகொண்டிருக்கையில், பெரும் புயலும் இடியும் எழுந்தன. அப்போது கருநாய் ஒன்று உள்ளே பாய்ந்து, மண்டியிட்டிருந்த இருவரைக் கொன்றதாக ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். அதே நாளில் பிளைபரோ மாதாகோயிலிலும் அது புகுந்ததாம். அங்குள்ள பழைய கதவில் இன்றும் காணப்படும் கருகிய தழும்புகளை அதன் நகக்குறி என்பர். மின்னலே அன்று உயிர்களைக் கவர்ந்தது என்று கொள்வதுதான் அறிவுக்குப் பொருந்துகிறது.

ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொரு செய்தி. லிங்கன்ஷயர் மக்களிடம் எதெல் ரட்கின் என்ற பெண்மணி கேட்டுத் தொகுத்து 1938-இல் வெளியிட்ட கதைகளில் இக்கருநாய் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. இருட்டில் தனியே நடக்கும் பெண்ணுக்குத் துணையாகவும் அது உடன் வருமாம்!

நான் இரவு டூட்டிக்குச் சென்றுவிட்டால், இத்தொலைவூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் மனைவியும் குழந்தைகளும் தனித்திருப்பர். சொந்த ஊரானால் பாட்டி இருப்பாள். அடுத்த வீட்டு அத்தை இருப்பாள். இங்கே அண்டை வீட்டார் மொழியே இன்னும் நம் நாவிற்குப் படியவில்லை. நாய் ஊளையிடும் இரவுகளில் என் மகள் உறங்குவதில்லை. அவளுடைய அச்சம் தணியட்டும் என்று லிங்கன்ஷயர்க் கதையைச் சொன்னேன்.

சற்று நேரம் யோசித்தவள், "அப்பா, அந்த நாய் உங்களோடு ஸ்டேஷன் வரைக்கும் வருமா?" என்று கேட்டாள். அவள் இத்தனை நாளும் அஞ்சியது தனக்காக அன்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இருளும் ஒன்றே, நாயும் ஒன்றே. ஒரு வட்டாரத்தார் அதில் எமனைக் கண்டனர். மற்றொரு வட்டாரத்தார் வழித்துணையைக் கண்டனர். உற்றார் அருகில் இல்லாத ஊரில் வளரும் நம் குழந்தைகளுக்கு இவ்விரண்டில் எக்கதையைச் சொல்வது என்பது பெற்றோராகிய நம் கையில் உள்ளது.