ராத்திரி ஒன்பது மணிக்குப் பாடம்

வழக்கமா நான் இங்க போடுறது அன்னதான உபயக்காரங்க பேரும் பால்குடப் பதிவும்தான். இன்னிக்கு ஒரு வாத்தியாரைப் பத்தி எழுதணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அவர் நம்ம ஆளு இல்ல. பேரு சாமுவேல் கிர்க். 1904-ல அமெரிக்காவுல நார்த் டகோட்டா மாநிலத்துல ஒரு விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். இளவயசுலயே தங்க பண்ணையில வேலை செஞ்ச ஆளுங்களுக்கு ராத்திரி நேரத்துல வாசிக்கக் கத்துக் கொடுத்தாராம். இதைப் படிச்சதும் எனக்கு நம்ம தோட்டத்து லயம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. பால் வெட்டிட்டு வந்த களைப்போட, விளக்கு வெளிச்சத்துல கையெழுத்துப் போடப் பழகின தாத்தாங்க எத்தனை பேர் வீட்டுல இருந்தாங்க!

அவர் சிக்காகோவுல படிச்சுக்கிட்டிருந்த காலம், 1929 வாக்கில். பக்கத்துல ஓக் ஃபாரஸ்ட்ங்கிற ஊர்ல, மூளை வளர்ச்சி இல்லாதவங்க, குற்றம் செஞ்சவங்கன்னு முத்திரை குத்தின பையன்களை வச்சிருந்த ஒரு விடுதியில வேலை பார்த்தார். அங்க பத்து வயசுப் பையன் ஒருத்தன். அவன் கோப்புல ‘சொற்குருடு’ன்னு எழுதியிருந்துச்சு. அதாவது கண்ணு நல்லாத் தெரியும், ஆனா எழுத்து மனசுல நிக்காது. இவர் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு புத்தகம் புத்தகமாத் தேடிப் படிச்சுட்டு, பையன்கிட்ட கேட்டிருக்கார், "படிக்கக் கத்துக்குறியா?"ன்னு. அவனும் சரின்னுட்டான்.

பகல்ல நேரம் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாரும் தூங்கினதும் பையன் சத்தம் போடாம எழுந்து வருவான். ரெண்டு படுக்கை அறைக்கும் நடுவுல, கழிவறை பக்கத்துல இருந்த கொஞ்ச இடத்துல பாடம். படுக்கையை விட்டு எழுந்து வர்றது விதிக்கு விரோதம், அதனால ரெண்டு பேரும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம். ஏழு மாசத்துல அந்தப் பையன் மூணாம் வகுப்புப் புத்தகம் வாசிச்சான். விடுதியை விட்டு வெளிய போயி சாதாரணப் பள்ளிக்கூடத்துல சேர்ந்தான்.

அப்புறம் கிர்க் பெரிய பேராசிரியர் ஆனார். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல சிறப்புக் கல்வித் துறையை வளர்த்தார். 1963-ல சிக்காகோவுல பெற்றோர் கூட்டம் ஒண்ணு. எங்க பிள்ளைங்களுக்கு என்னதான் பிரச்சினைன்னு தவிச்சுக்கிட்டிருந்த அப்பா அம்மாங்க முன்னாடி ‘கற்றல் குறைபாடு’ங்கிற பேரைச் சொன்னவர் இவர்தான். இன்னிக்கு நம்ம தமிழ்ப்பள்ளி ஆசிரியருங்ககூட சாதாரணமா சொல்ற வார்த்தை அது. ஆனா அதே பேச்சுல, பேரு வச்சுட்டா வேலை முடிஞ்சிடாதுன்னும் எச்சரிச்சார். எனக்கு அதுதான் பிடிச்சது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்காம அரிசோனாவுல போயி வேலை செஞ்சார். 1996-ல காலமானார்.

சரி, வெள்ளைக்காரர் கதை நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. நம்ம மொழி பேசுறவங்களும் செஞ்சிருக்காங்க. சென்னையில பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலா அம்மாவும் 1970-கள் வாக்கில ஒரு கேள்விப் பட்டியல் தயாரிச்சாங்க. 18 பகுதி, பகுதிக்கு 20, மொத்தம் 360. நடக்குறது, சாப்பிடுறது, உடுத்துறது, பேசுறது, காசு எண்ணுறதுன்னு எளிசுல இருந்து கஷ்டத்துக்குப் போகும். ‘இந்தப் பிள்ளைக்கு என்ன வராது’ன்னு கேக்காம, என்ன வரும்னு பார்த்து அதுக்கு அடுத்த படியைச் சொல்லிக் கொடுக்குற முறை. இந்தியா முழுக்க சிறப்புப் பள்ளிகள்ல இதைப் பயன்படுத்தியிருக்காங்க.

இப்ப நம்ம கோயிலுக்கு வர்றேன். பெஸ்தாரி ஜெயா பக்கத்துல இருந்து ஒரு பாட்டி பேரனோட வருவாங்க. பேரு வேணாம். தோட்டத்தை வித்ததும் மகன் வேலைக்கு வெளியூரு போயிட்டாரு, பாட்டிதான் வளர்க்குறாங்க. பதினோரு வயசு, பேச்சு சரியா வராது, பள்ளிக்கூடம் போனதில்ல, ஓ.கே.யு. அட்டையும் இல்ல. கூட்டம் கலைஞ்ச பிறகுதான் உள்ள வருவாங்க. ஏன் பாட்டின்னு கேட்டேன். "தம்பி, உறுமி சத்தம் கேட்டா இவன் கத்துவான். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. போன ஜென்மத்துப் பாவம்னு என் காதுபடவே சொல்றாங்கப்பா"ன்னாங்க.

இதைச் சொன்னது யாருன்னு நான் தேடப் போறதில்ல. ஆனா அம்பாள் சந்நிதியில நின்னுக்கிட்டு ஒரு குழந்தையைப் பார்த்து இப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வருதோ, எனக்குப் புரியல.

அந்தப் பையன் என்ன செய்வான் தெரியுமா? வாசல்ல சிதறிக் கிடக்குற செருப்பை எல்லாம் ஜோடி ஜோடியா அடுக்குவான். ஒண்ணுகூடத் தப்பாது. பெரியவங்க நமக்கே வராத பொறுமை. அந்த 360-ல எத்தனை அவனுக்கு வரும்னு இதுவரைக்கும் யாருமே உட்கார்ந்து பார்த்ததில்ல, அவ்வளவுதான்.

நம்ம நாட்டுல வழி இருக்கு. 1984-ல திரெங்கானு பத்து ராக்கிட்ல ஆரம்பிச்ச பி.டி.கே. மறுவாழ்வு நிலையங்கள் இப்ப எல்லா மாநிலத்துலயும் இருக்கு. மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008-ல வந்துச்சு. 2019-ல இருந்து எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாதுன்னு கல்வி அமைச்சோட கொள்கையே இருக்கு. சிறப்புக் கல்வி வகுப்புல சேர்ந்தா மாசம் 150 ரிங்கிட் உதவித்தொகை. ஓ.கே.யு. பதிவுக்கு டாக்டர் உறுதிப்படுத்தின படிவம் வேணும், அதைச் சமூக நல இலாகாவுல கொடுக்கணும். பாட்டிக்கு மலாய் எழுத்து வாசிக்க வராது, அதனால படிவத்துல இருந்த பாதியை நாங்க நிரப்பிட்டோம்.

இனிமே வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரையில இருந்து ஆறரை வரைக்கும் மேளம், ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. ஐயர்கிட்டயும் நிர்வாகத்துகிட்டயும் பேசியாச்சு. இந்த மாதிரி பிள்ளைங்க உள்ளவங்க தயங்காம அந்த நேரத்துல கூட்டிட்டு வாங்க, மடப்பள்ளி பக்கத்துக் கதவு திறந்திருக்கும். பிள்ளை கத்தினா கத்தட்டும்.

இன்னொண்ணு. பாட்டியையும் பேரனையும் திங்கக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். என் வேன் வொர்க்ஷாப்ல நிக்குது. ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் கார் உள்ள அன்பர் யாராவது காலை ஏழு மணிக்கு வர முடியும்னா எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க.