எவ்வளவு கொடுக்கும்?

டூங்கபி, ஜூன் மாதம்



ஊரில் புது வண்டி எடுத்து வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டு மாமா முதலில் கேட்பது ஒன்றுதான்: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் தம்பி?" சிட்னியில் ஒரு பைக் கடைக்குப் போய் இதையே கேட்டால் கொஞ்சம் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எத்தனை குதிரைத்திறன், சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்கும் என்று பேசவேண்டிய இடத்தில் மைலேஜா? ஆனால் டூங்கபியிலிருந்து மேற்கே, தார் ரோடு முடிகிற திசையில் கிளம்புகிறவருக்கு மாமாவின் கேள்விதான் முதல் கேள்வி.

டூங்கபி சிட்னி நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்கபி என்று வரிசையாக வரும் இந்த ரயில் நிலையங்களைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மேஸ் ஹில்லில் இருக்கும் முருகன் கோயில் கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயின் மேலேயே அமைந்திருக்கிறது. வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு அதே ரோட்டைப் பிடித்தால் நீலமலைகளைத் தாண்டி லித்கோ, பாத்தர்ஸ்ட் என்று உள்நாட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கலாம்.

இந்தப் பக்கத்திலிருந்து கணக்குப் போடாமல் கிளம்பியவர்களும் உண்டு. 1791 நவம்பரில், பக்கத்துப் பரமட்டாவிலிருந்து ஐரிஷ் கைதிகள் இருபது பேருக்கு மேல் தப்பியோடினார்கள். வடக்கே காட்டைத் தாண்டினால் சீனா வந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சீனா வரவில்லை.

இன்று நீண்ட மண்சாலைப் பயணம் என்றதும் பலரும் நினைப்பது பேர்ட்ஸ்வில் டிராக்கை. தெற்கு ஆஸ்திரேலியாவின் மேரீயில் தொடங்கி குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர். மேரீ ஒருகாலத்தில் ஒட்டகக்காரர்களின் ஊர். ஆப்கானியர் என்று பொதுவாக அழைக்கப்பட்டாலும், அவர்களில் பலர் பலூசிஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்கள். அங்கே ஒரு மசூதியும் கட்டியிருந்தார்கள். பிறகு 1930களிலிருந்து அதே பாதையில் டாம் குரூஸ் என்பவர் லேலண்ட் பேட்ஜர் லாரியில் தபால் கொண்டுபோனார். (ஹாலிவுட்காரர் பிறப்பதற்கு முன்பே, 1954இல், இந்தக் குரூஸும் ஒரு படத்தில் வந்துவிட்டார்: 'தி பேக் ஆஃப் பியாண்ட்'.)

இனி மாமாவின் கணக்கு. மேரீயிலிருந்து முங்கரானி ஹோட்டல் 204 கிலோமீட்டர். அங்கே பெட்ரோல் கிடைக்கும். அங்கிருந்து பேர்ட்ஸ்வில் 313. நடுவில் பெட்ரோல் கிடையாது. ஆஸ்திரேலியாவில் நெடும்பயணக்காரர்கள் கொண்டாடும் சுசூகி டிஆர்650இன் டேங்க் 13 லிட்டர். லிட்டருக்கு 20 கொடுத்தால் 260 கிலோமீட்டர். மீதி 53 கிலோமீட்டருக்குத் தள்ள வேண்டியதுதான். ஹோண்டா சிஆர்எஃப்300எல் நன்றாக மைலேஜ் கொடுக்கும் வண்டி, ஆனால் டேங்க் 7.8 லிட்டர்தான், அதன் ராலி வடிவத்தில் 12.8. கவாசாகி கேஎல்ஆர்650 மட்டும் பிறந்ததிலிருந்தே, அதாவது 1987இலிருந்தே, 23 லிட்டர் தொட்டியைச் சுமந்துகொண்டு திரிகிறது. இதனால்தான் இந்த ஊரில் டிஆர்650 வாங்குகிறவர்கள், வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்கிற முதல் வேலை, தகர டேங்கைக் கழற்றிவிட்டு 20 அல்லது 30 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் மாட்டுவது.

பேர்ட்ஸ்வில்லுக்கும் மேற்கே சிம்ப்ஸன் பாலைவனம். ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, வயலில் வரப்பு போட்டதுபோல் வரிசையாகக் கிடக்கின்றன. அதன் மேற்கு ஓரத்திலுள்ள மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் இல்லை. மணலில் வண்டி குடிப்பதும் கூடும். அங்கே 'இருபது கொடுக்கும்' என்று நம்பிப் போகக்கூடாது.

அப்படியானால் பெரிய டேங்க் உள்ள பெரிய வண்டியே வாங்கிவிடலாமே? 2004இல் 'லாங் வே ரவுண்ட்' தொலைக்காட்சித் தொடருக்கான பயணத்தில் நடிகர்கள் ஈவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் அதைத்தான் செய்தார்கள். பிஎம்டபிள்யூ ஆர்1150ஜிஎஸ் அட்வெஞ்சர், 30 லிட்டர் டேங்க். மங்கோலியாவின் சேற்றில் அந்த வண்டிகளைத் தூக்கித் தூக்கியே அவர்கள் களைத்துப்போனார்கள். கூடவே வந்த ஒளிப்பதிவாளர் கிளாடியோ ஃபொன் பிளான்டாவின் பிஎம்டபிள்யூ சேஸிஸ் உடைந்தது. அவசரத்துக்கு வாங்கிய வண்டி இஷ் பிளானெட்டா என்ற ரஷ்யத் தயாரிப்பு. நம் ஊர் பழைய ராஜ்தூத், யெஸ்டி வகையறாவைச் சேர்ந்த டூ ஸ்ட்ரோக். அதில் அவர் சேற்றைக் கடந்ததைப் பார்த்தவர்கள், விலைச்சீட்டை வைத்து வண்டி எடுப்பதை விட்டுவிடுவார்கள்.

டிஆர்650 பெட்ரோலோடு சேர்த்து 166 கிலோ. ஆர்1250ஜிஎஸ் அட்வெஞ்சர் 268. இந்த 102 கிலோ வித்தியாசம் ஷோரூமின் வழுவழுத் தரையில் தெரியாது. ஆளில்லாத இடத்தில், 40 டிகிரி வெயிலில், மூன்றாவது முறை விழுந்த வண்டியை ஒற்றை ஆளாக நிமிர்த்தும்போது தெரியும். விழமாட்டேன் என்கிறவர் இன்னும் மணலில் ஓட்டவில்லை.

ஆனால் எடை குறைவு என்று முன்னூறு சிசிக்கு இறங்கினால் வேறொரு தலைவலி. டூங்கபியிலிருந்து புரோக்கன் ஹில் மட்டுமே ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். மேரீ அதற்கும் அப்பால். இவ்வளவும் பெரும்பாலும் தார் ரோடு, பல இடங்களில் வேக வரம்பு மணிக்கு 110. சின்ன எஞ்சின் நாள் முழுக்க அலறிக்கொண்டே வரும். மண்ணுக்கும் தாருக்கும் சேர்த்து ஒரே வண்டி என்னும்போது இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். முன்சக்கரம் மட்டும் 21 அங்குலமாக இருக்கட்டும். சரளையிலும் மணலிலும் அது வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலின் தரமும் பார்க்கவேண்டும். உள்நாட்டுப் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில் 'ஓபல்' என்ற பெட்ரோல்தான் விற்கிறது. பெட்ரோல் மோந்து போதையேற்றும் பழக்கத்தைத் தடுக்க 2005இல் வந்தது. சாதாரண 91 ஆக்டேனுக்குச் சமம். 95 இல்லாமல் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் எஞ்சினை அங்கே கொண்டுபோவது வீண்வம்பு. 1996இல் வந்த வடிவத்திலேயே பெரிய மாற்றமின்றி வரும் டிஆர்650க்கு அந்தப் பிடிவாதம் இல்லை. கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் ரோட்டோரத்தில் கழற்றி ஊதலாம்.

சென்னைக்காரருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனும் இங்கே விற்பனையில் இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த 452 சிசி வடிவத்துக்கு 17 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 25 என்று அடக்கமாக வைத்தாலும் 425 கிலோமீட்டர். முங்கரானியில் நிரப்பினால் பேர்ட்ஸ்வில் போய்ச் சேர்ந்த பிறகும் டேங்கில் மீதம் இருக்கும். உட்காரும் உயரத்தை 825 மில்லிமீட்டருக்கு இறக்கலாம், சராசரித் தமிழரின் கால் தரையில் படும். எடை 196 கிலோ என்பதுதான் உறுத்தல். நியூ சவுத் வேல்ஸில் பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும் இதை ஓட்டலாம், டிஆர்650ஐயும் ஓட்டலாம். 660 சிசி வரைக்கும் அனுமதி உண்டு, எடைக்கேற்ற சக்தி வரம்புக்குள் இருந்தால்.

ஆகவே தீர்ப்பு இப்படி: பேர்ட்ஸ்வில் வரைதான் என்றால் ஹிமாலயன், சொந்த ஊர்ப் பாசத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சிம்ப்ஸன் மணலில் இறங்குவதென்றால் பழைய டிஆர்650, 30 லிட்டர் டேங்க், மிச்சக் காசுக்கு நல்ல டயர். எதுவானாலும் வாங்குமுன் டேங்கை நிரப்பி, பெட்டிகளைக் கட்டி, புல்தரையில் படுக்கப்போட்டுத் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் சம்மதிக்கமாட்டார், தெரிந்தவரின் வண்டியைக் கேளுங்கள்.

வருவதானால் இந்த நாட்டுக் குளிர்காலத்தில் வாருங்கள். இங்கே கோடையான டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சிம்ப்ஸன் பாலைவனத்தை மூடிவிடுகிறார்கள்.